அம்மாவுக்கு இடி, எனக்குத் 'தொப்': சவுண்ட்பாரோடு மூன்று மாதம்

சவுண்ட்பார் (டிவிக்கு முன்னால் வைக்கும் நீளமான ஸ்பீக்கர்) வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. அதில் இரண்டரை மாதம் சண்டையிலேயே போனது. கூடத்தின் நட்டநடுவில் சோபா. அதில் உட்கார்ந்தால், திரையில் குண்டு வெடித்தாலும் பக்கத்து அறைக் கதவை யாரோ சாத்தியதுபோல் 'தொப்' என்று ஓர் ஓசைதான். கனத்த ஒலிக்கென்று அதோடு தனிப்பெட்டியாக வரும் சப்வூஃபரின் அளவை ரிமோட்டில் +3 ஆக்கினேன், பிறகு +6. பின்சுவரை ஒட்டி நாற்காலி போட்டிருக்கும் அம்மாவோ, "மண்டைக்குள் இடி இடிக்கிறதடா, குறையேன்" என்று கெஞ்சுவார். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் அவர் எழுந்துபோன நேரத்தில் அந்த நாற்காலியில் தற்செயலாக உட்கார்ந்தேன். அதே படம், அதே +6. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

அளவுநாடாவை எடுத்துக் கூடத்தை அளந்தேன். நீளம் 4.3 மீட்டர். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் ஏறத்தாழ 40. ஆக, 40 ஹெர்ட்ஸ் ஒலியின், அதாவது நொடிக்கு 40 முறை அதிரும் கனத்த ஒலியின், அரை அலை எங்கள் முன்சுவருக்கும் பின்சுவருக்கும் நடுவே அப்படியே பொருந்தி நின்றுவிடுகிறது. சுவரோரத்தில் அதன் அழுத்தம் உச்சம். நட்டநடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. நான் உட்கார்ந்திருந்தது அந்தப் பள்ளத்தில், அம்மா இருந்தது மேட்டில். ரிமோட்டில் நான் ஏற்றியதெல்லாம் அவர் தலையில்தான் விழுந்திருக்கிறது.

சோபாவை 60 சென்டிமீட்டர் பின்னால் தள்ளினேன். அம்மாவின் நாற்காலியை முன்னால் இழுத்தேன். அடுத்து, எங்கோ படித்த ஒரு வித்தை: சப்வூஃபரைத் தூக்கி நான் உட்காரும் இடத்தில் வைத்து, பாஸ் (கனத்த அடி ஒலி) தொடர்ந்து வரும் இசை ஒன்றை ஓடவிட்டு, முன்சுவர் ஓரமாகத் தவழ்ந்துபோக வேண்டும். எந்த இடத்தில் பாஸ் மங்காமலும் கும்மென்று வீங்காமலும் கேட்கிறதோ, அங்கேதான் பெட்டி. நான்கு காலில் போன என்னைப் பார்த்து மகன் முதுகில் ஏறிக்கொண்டான். சோதனையை இரண்டு முறை செய்ய வேண்டியதாயிற்று. மூலையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இடம் கிடைத்தது. இப்போது அளவு +1. நீங்களும் இப்படி ஏதாவது பாடுபட்டிருந்தால் எழுதுங்கள்.

* * *

என் கதை வேறு மாதிரி, நண்பரே. 'வயர்லெஸ்' என்ற சொல்லை நம்பி, சப்வூஃபரைச் சோபாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். செய்தி வாசிப்பவர் வாயசைப்பது முன்னால். அவருடைய குரலின் அடிக்கனம் மட்டும் என் பிடரியிலிருந்து வந்தது. பேய் புகுந்த மாதிரி இருந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. மெலிந்த சவுண்ட்பாருக்குள் இருக்கும் சிறிய ஸ்பீக்கர்களால் மிகக் கீழே இறங்க முடியாது. பல மாடல்களில் 120, 150 ஹெர்ட்ஸிலேயே பொறுப்பைச் சப்வூஃபரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண்ணும் பெரும்பாலும் அந்த வட்டாரத்தில்தான். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது அவ்வளவாகக் கண்டுபிடிக்காது. அதற்கு மேலே போகப்போகப் பிடித்துவிடும். பெட்டியைச் சவுண்ட்பாரின் பக்கத்திலேயே, ஒன்றரை மீட்டருக்குள் கொண்டுவந்தேன். குரல் வாய்க்குத் திரும்பிவிட்டது. எப்படியும் மின்வயர் ஒன்று வேண்டும்தானே, இதில் என்ன வயர்லெஸ் பெருமை!

* * *

எனக்கு வந்தது ஒலிப் பிரச்சினையே இல்லை. மாலையானால் சப்வூஃபர் அவ்வப்போது ஊமையாகிவிடும். பின்பக்கச் சிறுவிளக்கு நிலையாக எரிவதற்குப் பதில் சிமிட்டும். சேவை மையத்தில் "போர்டு போயிருக்கும், மாற்ற வேண்டும்" என்றார்கள், பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல். ஒப்புக்கொள்ள மனம் வராமல் வீட்டில் யோசித்தேன். வைஃபை ரௌட்டர் சப்வூஃபரின் தலைமேலேயே உட்கார்ந்திருந்தது! மாலையில்தான் பிள்ளைகள் எல்லாரும் இணையத்தில் இருப்பார்கள். என் பெட்டி பேசுவதும் 2.4 கிகாஹெர்ட்ஸ், ரௌட்டர் பேசுவதும் 2.4 கிகாஹெர்ட்ஸ். ரௌட்டரை அலமாரிக்கு மாற்றி, சவுண்ட்பாரையும் சப்வூஃபரையும் மீண்டும் பேரிங் செய்தேன், அதாவது ஒன்றோடொன்று இணைத்தேன். ஆறு மாதமாகப் பேச்சுமூச்சுத் தவறவில்லை. போர்டு அதே போர்டுதான்.

* * *

ஒரு சிறு குறிப்பு மட்டும். இரவில் எல்லாரும் தூங்கியபின் மெல்லிய ஒலியில் வைத்து பாஸைச் சரிசெய்யாதீர்கள். ஒலி குறையும்போது நம் காது பாஸைத்தான் முதலில் கைவிடும். ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933-லேயே வரைபடம் போட்டுக் காட்டிய விஷயம் இது. நான் நள்ளிரவில் ரசித்து ரசித்து வைத்த அளவு, காலையில் வழக்கமான ஒலிக்கு ஏற்றியதும் கீழ்வீட்டுக்காரரை மேலே வரவழைத்துவிட்டது.

* * *

கீழ்வீட்டுக்காரர் என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் வீட்டில் பாஸ் வரும்போதெல்லாம் 'கிர்ர்' என்று ஒரு கரகரப்பு. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். என் மனைவி எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் புகைப்படச் சட்டத்தை உள்ளங்கையால் அழுத்தினாள். கரகரப்பு நின்றது. கையை எடுத்தாள், 'கிர்ர்'. மறுபடி அழுத்தினாள், நிசப்தம். சட்டத்தின் பின்மூலைகளில் நான்கு துண்டு ஃபெல்ட் துணி ஒட்டினோம். வேலை அவ்வளவுதான். உங்கள் பெட்டியைச் சந்தேகிக்கும் முன் கண்ணாடி அலமாரி, கதவுக் கொண்டி, சாவிக்கொத்து எல்லாவற்றிலும் ஒருமுறை கைவைத்துப் பாருங்கள்.

அம்மாவுக்கு வசனம் புரிகிறதா, அண்ணா? அதைச் சொல்லவில்லையே.

* * *

கேட்டதற்கு நன்றி, தம்பி. முதலில் புரியவில்லை. ஒவ்வொரு சொல்லும் எதிரொலியோடு இரட்டையாக வந்தது. தேடிப் பார்த்தால், டிவியின் சொந்த ஸ்பீக்கரும் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தது, அதை அணைத்தேன். சவுண்ட்பாரை அலமாரியின் உள்ளே தள்ளி வைத்திருந்ததால் மேல்தட்டில் பட்டுக் குரல் கலங்கியிருக்கிறது; முன்விளிம்பு வரை இழுத்தேன். இப்போது தெளிவு.

நேற்று தொடர் ஓடிக்கொண்டிருந்தது. வில்லி வாசலில் கால் வைத்தாள். அம்மா என் பக்கம் திரும்பி, "இந்த இடத்தில் முன்பு திக்கென்று இருக்குமே, கொஞ்சம் ஏற்றிவையேன்" என்றார். +2 ஆக்கியிருக்கிறேன்.