நூலக வரி கட்டினோம், புத்தகம் எங்கே?

அப்பா ரிடையர் ஆனதிலிருந்து காலையில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில்தான் இருப்பார். போன வருடம் ஒருநாள் போன வேகத்திலேயே திரும்பி வந்தார். "படிக்க என்ன இருக்கு அங்க?"

மறுநாள் நானும் போனேன். ஆறு நாளிதழ் கிடந்த மேசையில் இரண்டு. வார இதழ் ஒன்றுகூட இல்லை. 'புதிய வரவு' அலமாரியில் ஒரு புத்தகத்தைப் பிரித்தால், உள்ளே அடித்திருந்த முத்திரையின் தேதி மூன்று வருடம் பழசு.

நூலகர் இரண்டு கிளைகளைப் பார்த்துக்கொள்கிறார். "வர்ற பணம் சம்பளத்துக்கும் கரண்டுக்குமே சரியாப் போயிடுது சார். அப்புறம்தானே புத்தகம்" என்றார். போனில் இருந்த வீட்டு வரி ரசீதைக் காட்டினேன். நூலக வரி என்று தனியாகவே போட்டிருந்தது. "நீங்க கட்டிட்டீங்க. அது எங்களுக்கு வந்து சேரணுமே!"

1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி வாங்கும் வரி இது. வீட்டு வரி 100 ரூபாய் என்றால் நூலகத்துக்கு 10 ரூபாய். வசூலிப்பது உள்ளாட்சி, அதை நூலகங்களை நடத்தும் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டியதும் உள்ளாட்சிதான். மானியம் என்றால் நிதி நெருக்கடி, குறைத்துவிட்டோம் என்று சொல்லலாம். இது நூலகத்துக்கென்றே சொல்லி நம்மிடம் வாங்கிய பணம். அதை நிறுத்தி வைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டேன். மூன்று வருடத்தில் வசூல் எவ்வளவு, அனுப்பியது எவ்வளவு? இரண்டே கேள்வி. வந்த பதிலில், அனுப்பிய தொகைக்கான கட்டத்தில் ஒரு வருடத்துக்கு வெறும் கோடு. அந்தக் காகிதத்தோடு வாசகர் வட்டத்திலிருந்து ஏழு பேர் போய் உள்ளாட்சி ஆணையரைப் பார்த்தோம். மூன்று மாதம் கழித்துப் பாக்கியில் ஒரு பகுதி வந்ததாம். மேசையில் இப்போது நான்கு பேப்பர். அப்பா மறுபடி போகிறார்.

---

நான் சின்னப் பதிப்பகம் நடத்துகிறேன். அந்த அலமாரி காலியானால் எங்கள் கோடவுன் நிறைந்துவிடும். கவிதையும் ஆய்வு நூலும் கடையில் மெதுவாகத்தான் போகும். லைப்ரரி ஆர்டரை நம்பித்தான் போடுவோம். ஒரு தடவை ஆர்டர் வந்து, புத்தகமும் கொடுத்து, பணம் கைக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை அச்சகக் கடனுக்கு வட்டி கட்டினேன். அந்த வருடம் போடுவதாகச் சொல்லி வாங்கி வைத்திருந்த மூன்று கையெழுத்துப் பிரதிகளில் ஒன்றைத்தான் போட முடிந்தது. மற்ற இரண்டும் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. எழுதியவர்களில் ஒருவர் மாதம் ஒருமுறை போன் பண்ணுகிறார்.