ஓசூர் பக்கம் பங்க் ராக்கும் ஃப்ரீஸ்டைல் மோட்டோகிராஸும் ஒரே திடலில்: நடக்கிற காரியமா?

மத்திகிரி_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். சூளகிரி பக்கம் நண்பனுடைய மாமாவுக்குப் பத்து ஏக்கருக்கு மேல் தரிசு சும்மா கிடக்கிறது. அதில் ஒரு நாள் விழா ஒன்று நடத்தலாம் என்று நாலைந்து பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். பெங்களூரிலிருந்து பங்க் பேண்டுகள், அதே திடலில் ராம்ப் போட்டு ஃப்ரீஸ்டைல் மோட்டோகிராஸ் (பைக்கில் தாவி நடுவானில் வித்தை காட்டுவது), போஸ்டரில் இரண்டு தரப்புக்கும் ஒரே அளவு எழுத்து. ஒன்று மெயின், இன்னொன்று தொட்டுக்க ஊறுகாய் என்று ஆகிவிடக் கூடாது, அதுதான் எங்கள் ஆசை. பேண்ட் வாசிக்கும்போதே பின்னாடி பைக் பறக்கணும் என்று எங்களில் இரண்டு பேர் அடம்பிடிக்கிறார்கள், வீடியோவில் அப்படி இருந்தால் செம்மையாக இருக்கும் என்பது வாதம். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் கூடாது என்று சொல்லவும் தெரியவில்லை. என் அண்ணனோ, பங்க் கேட்கிறவன் வேறு, பைக் பார்க்க வருகிறவன் வேறு, இரண்டு கூட்டத்தையும் சேர்த்தால் இரண்டும் வராது என்கிறான். இந்த மாதிரி முன்னாடி யாராவது செய்திருக்கிறார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_கேசட்:
உங்கள் அண்ணன் சொல்வது நம்ம ஊர்க் கணக்கு. இந்த இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் தம்பி. தெற்கு கலிபோர்னியாவில் ஸ்கேட் போர்டு, கடல் அலைச் சறுக்கு, மோட்டோகிராஸ், பங்க் எல்லாம் ஒரே தெருப் பையன்கள் செய்தது. 90-களின் நடுவில் மோட்டோகிராஸ் பையன்கள் பந்தயத்தை விட்டுவிட்டு மணல்மேடுகளில் சும்மா தாவி வீடியோ கேசட் போட ஆரம்பித்தார்கள், அதில் பின்னணியில் ஓடியது பெரும்பாலும் பங்க்தான்.

மேடையில் சேர்த்ததற்கு உதாரணம் வார்ப்டு டூர், அமெரிக்காவில் ஊர் ஊராகப் போன பங்க் இசை விழா. கெவின் லைமன் 1995-ல் ஆரம்பித்தார். அடுத்த வருடம் வேன்ஸ் ஷூ கம்பெனி பெயர் முன்னால் சேர்ந்தது. பென்னிவைஸ், நோஃபெக்ஸ், பேட் ரிலீஜியன் மாதிரி பேண்டுகள் ஒரு பக்கம், ஸ்கேட் ராம்ப் இன்னொரு பக்கம், சில வருடங்களில் மோட்டோகிராஸ் தாவலும். ஊர் ஊராகப் போன முழு டூர் 2018-ல் முடிந்தது, 2025-ல் 30-வது வருடத்துக்காக மூன்று ஊர்களில் மறுபடி நடத்தினார்கள்.

எனக்கு அதில் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. எந்த பேண்ட் எத்தனை மணிக்கு என்பது அன்று காலைதான் தெரியும். பெரிய பேண்ட் மத்தியானம் 12 மணிக்கே ஏறலாம், பெயர் தெரியாத பேண்ட் சாயங்காலம் வரலாம், யாராக இருந்தாலும் அரை மணி நேரம்தான். அதனால் ஜனங்கள் காலையிலேயே வந்தாக வேண்டும், வந்தவர்கள் நடுவில் இருப்பதையும் பார்த்தாக வேண்டும். நீங்கள் கேட்கிற ஒரே அளவு எழுத்து அங்கே இப்படித்தான் வந்தது, போஸ்டரால் வரவில்லை. உங்கள் அண்ணனுக்கும் இதுதான் பதில்.

டூஸ்ட்ரோக்_தருமபுரி:
முதலில் ஒன்று தெளிவாகட்டும். இங்கே ஸ்டன்ட் என்று சொல்லிக்கொண்டு தார் ரோட்டில் வீலி அடிக்கிற பையன்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் திறமையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது வேறு, இது வேறு. ராம்பிலிருந்து, தாவி இறங்குகிற மண்மேட்டுக்கு வழக்கமான இடைவெளி 75 அடி. நம் நாட்டில் அதைத் தாவி, நடுவானில் கையையும் காலையும் விட்டு, திரும்பப் பிடித்து இறங்குகிறவர்கள் ரொம்பக் குறைவு. அவர்களிடம் தேதி வாங்கிவிட்டு அப்புறம் பேண்டுக்குப் பேசுங்கள்.

75 அடி என்றால் 23 மீட்டர். 45 டிகிரியில் கிளம்புகிறான் என்று வைத்துக் கணக்குப் போட்டால் வினாடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர். இது பெரிய வேகமே இல்லை, உங்கள் வீட்டு ஸ்கூட்டர் போகும். சிக்கல் என்னவென்றால் 54-ஆகவே இருக்க வேண்டும். 50-ல் போனால் மூன்று மீட்டருக்கு மேல் குறையும், மேட்டின் முகட்டில் மோதுவான். 65-ல் போனால் சரிவைத் தாண்டிச் சமதரையில் விழுவான், முட்டி போகும். இந்த பைக்குகளில் ஸ்பீடோமீட்டர் கிடையாது. இஞ்சின் சத்தமும் இடுப்புக்குக் கீழே வருகிற அதிர்வும்தான் மீட்டர். அந்தச் சத்தத்தின் மேல் டிரம்ஸைப் போட்டு மூடினால் என்ன ஆகும் என்று உங்கள் இரண்டு நண்பர்களையும் யோசிக்கச் சொல்லுங்கள். பெரிய ஷோக்களில் பாட்டு ஓடுகிறதே என்பார்கள். ஓடும், ஆனால் அது ரெக்கார்டு பாட்டு, கைகாட்டினால் குறைக்க ஆள் உட்கார்ந்திருப்பான். பங்க் டிரம்மரிடம் போய்க் குறைக்கச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று, இந்த விளையாட்டில் எதுவுமே சும்மா வரவில்லை. 2000-ல் கேரி ஹார்ட் பெரிய பைக்கில் பின்பக்கக் குட்டிக்கரணம் அடிக்கப் பார்த்தபோது சக்கரம் தரையைத் தொட்டது, ஆள் பைக்கில் நிலைக்கவில்லை. ஆறே வருடத்தில், 2006 ஆகஸ்டில், டிராவிஸ் பாஸ்ட்ரானா லாஸ் ஏஞ்சலஸில் இரட்டைக் கரணம் அடித்து இறங்கினார். நடுவில் எத்தனை எலும்பு போயிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதே பாஸ்ட்ரானா 1999-ல், 15 வயதில், எக்ஸ் கேம்ஸ் என்கிற சாகச விளையாட்டுப் போட்டியில் தங்கம் ஜெயித்த கையோடு பைக்கை சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குள் விட்டவர். பங்க் என்றால் அதுதான் பங்க்!

ஏரிக்கரை:
பைக் பார்க்க வருவேன். கத்துவதைக் கேட்க வரமாட்டேன்.

பழைய_கேசட்:
வாங்க தலைவா, பைக்குக்குப் பெட்ரோல் ஊற்றுகிற நேரத்தில் எப்படியும் ஒரு பாட்டு காதில் விழும். இரண்டு நிமிடம்தான், முடிந்துவிடும்.

மைக்செட்_காவேரிப்பட்டினம்:
தம்பி, நான் சவுண்டு சர்வீஸ். கல்யாணம், கோயில், கட்சிக் கூட்டம் எல்லாம் செய்கிறோம், பெங்களூர் பேண்டுகளுக்கும் செட் போட்டிருக்கிறோம். திடல் பெரிசு என்று ஒரு மூலையில் மேடை, எதிர் மூலையில் ராம்ப் என்று வரைந்து வைத்திருப்பீர்கள், எல்லாரும் அப்படித்தான் வரைகிறார்கள். சத்தம் வினாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். பங்க் பாட்டு நிமிடத்துக்கு 180 தாள அடி என்று வையுங்கள், ஒரு அடிக்கு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு. ஆக 113 மீட்டர் தள்ளி ராம்ப் பக்கம் நிற்கிறவனுக்கு டிரம்ஸ் சரியாக ஒரு தாள அடி தாமதமாகக் கேட்கும். சரி, அங்கேயும் இரண்டு பெட்டி வைத்துவிடலாம் என்று வைத்தால் பெட்டிச் சத்தம் முதலில், மேடைச் சத்தம் பின்னாடி, இரண்டும் கலந்து கூழ். மெதுவான மெலடியில் கொஞ்சம் தப்பிக்கலாம். இந்த வேகத்தில் ஒரு வார்த்தை புரியாது. 10 மீட்டருக்கு ஏறக்குறைய 29 மில்லி வினாடி என்று டிலே வைத்து அந்தப் பெட்டிகளைப் பின்தள்ள வேண்டும், மிக்சரில் கை வைக்கிற ஆளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். வாடகைக்கு எடுக்கும்போதே கேளுங்கள், முழிக்கிற ஆள் வேண்டாம்.

சத்தத்தைவிட எனக்குப் பயம் புழுதி. நம்ம செம்மண் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருடம் ஒரு பைக் நிகழ்ச்சிக்குச் செட் போட்டோம். நடத்தியவர்கள் தண்ணீர் லாரி சொல்லியிருக்கிறோம் என்றார்கள், லாரி வரவே இல்லை. மிக்சரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடர் ஒவ்வொன்றும் நறநற என்று மணலில் தேய்த்த மாதிரி நகர்ந்தது, பாடின பையன் வாயைத் துடைத்தால் கைக்குட்டை சிவப்பு. மேடையைக் காற்று வருகிற பக்கம் போடுங்கள், ராம்பைக் காற்று போகிற பக்கம்.

மத்திகிரி_பையன்:
அண்ணா, இதுதான் வேண்டியிருந்தது, ரொம்ப நன்றி. அப்போது மாறி மாறி என்று முடிவு செய்துவிடலாம், அரை மணி பேண்ட், அரை மணி பைக். மண்மேட்டுக்கு எவ்வளவு மண் பிடிக்கும், டூஸ்ட்ரோக் அண்ணா?

டூஸ்ட்ரோக்_தருமபுரி:
நாலு மீட்டர் உயரம், எட்டு மீட்டர் அகலம், பைக் இறங்குகிற பக்கம் 12 மீட்டர் சரிவு, மேலே மூன்று மீட்டர் தட்டை, ராம்ப் பக்கம் நாலு மீட்டர் சரிவு என்று போட்டால் கிட்டத்தட்ட 350 கன மீட்டர் வருகிறது. மூன்று யூனிட் டிப்பரில் 40 லோடுக்கு மேல். அடித்து இறுக்கினால் இன்னும் உட்காரும், கூடவே வைத்துக்கொள்ளுங்கள். மாமா நிலத்து மண்ணையே ஜேசிபி வைத்துத் தள்ளிக் குவிப்பது நல்லது. வெளியிலிருந்து அடித்தால் கனிமவளத் துறை அனுமதி, நடைச்சீட்டு என்று போகும், நம்ம மாவட்டத்தில் அதைச் சும்மா விடமாட்டார்கள். இரும்பில் செய்து லாரியில் கொண்டுவருகிற மேடும் உண்டு, ஆனால் முதல் தடவைக்கு அந்தச் செலவு தாங்காது.

மாறி மாறி சரிதான், ஆனால் கடிகாரம் பார்த்து மாற்றாதீர்கள். நூறு கிலோ சொச்சம் பைக் ஆகாயத்தில் இருக்கும்போது பக்கக் காற்று அடித்தால் ஓட்டுகிறவன் ஒன்றும் செய்ய முடியாது. காற்று நின்றால்தான் பைக். காற்று இருந்தால் பேண்ட் இன்னும் இரண்டு பாட்டு வாசிக்கட்டும். காலையில் நேரம் சொல்கிற அந்த வார்ப்டு முறை இதற்குத்தான் பொருந்தும். பறக்கலாமா வேண்டாமா என்கிற கடைசி வார்த்தை ஓட்டுகிறவனுடையது, ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

பர்கூர்க்காரர்:
எந்த மாதம் என்று யாரும் கேட்கவில்லையே. ஆடியில் வைக்காதீர்கள், அம்மியே பறக்கும் என்கிறபோது பைக் எம்மாத்திரம். தை, மாசியில் கிருஷ்ணகிரி முழுக்க எருது விடும் விழா, போலீஸ் எல்லாம் அந்த பந்தோபஸ்தில் இருக்கும், உங்கள் மனு அடியில் போய்விடும். அப்புறம் பரீட்சை, அப்புறம் வெயில். மார்கழி முதல் பாதி எனக்குத் தோதாகப் படுகிறது, மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், குளிருக்குக் கூட்டமும் நெருங்கி நிற்கும்.

ஒலிபெருக்கி ராத்திரி 10 மணிக்கு மேல் கூடாது, 2000-ம் வருடத்து ஒலி மாசு விதி. சில நாட்களுக்கு 12 வரை அரசு தளர்த்தலாம் என்று அதிலேயே இருக்கிறது, அது பண்டிகைகளுக்கு, நீங்கள் நம்பி இறங்காதீர்கள். 9 மணிக்கு முடிகிற மாதிரி போடுங்கள். ஆம்புலன்ஸ் இரண்டு வேண்டும், ஒன்று ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் அது திரும்பும் வரை பைக் ஓடக் கூடாது. தடுப்பை இரட்டை வரிசையாகக் கட்டுங்கள். காளை ஓடுகிற பாதைக்குள்ளேயே இறங்கி நிற்கிற ஜனம் நாம், ஒற்றைச் சவுக்குக் கட்டையை ஏறித் தாண்டி மண்மேட்டில் போய் உட்கார்ந்துகொண்டு செல்ஃபி எடுப்பார்கள்.

மத்திகிரி_பையன்:
மார்கழி என்றால் பொழுது சீக்கிரம் சாயுமே, வெளிச்சம் போதுமா?

டூஸ்ட்ரோக்_தருமபுரி:
ஐந்தரைக்கு மேல் பைக் வேண்டாம். லைட் போட்டால் மேட்டின் மேல் ராம்பின் நிழல் விழாத மாதிரி நாலு பக்கமும் கம்பம் வேண்டும், அது தனிச் செலவு. ராம்பை வடக்கு தெற்காக வையுங்கள், மேற்கே பார்த்து வைத்தால் நாலரை மணி வெயில் நேரே ஹெல்மெட்டுக்குள் இறங்கும். பைக் முடிந்த பிறகு கடைசி மூன்று பேண்டும் இருட்டில் வாசிக்கட்டும், அவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். நிலத்தின் அளவும் திசையும் ஒரு தாளில் வரைந்து இங்கே போடுங்கள், ஓடுதளம் எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.