நாவலைத் திரைக்கதையாக்கினால் 190 பக்கம் வருகிறது, எங்கே வெட்டுவது?

கேள்வி:
320 பக்க நாவல், முழுக்க நாயகியின் மனவோட்டம். வாய்ஸ் ஓவரில் வைத்தால் ரேடியோ நாடகம் மாதிரி இருக்கிறது. எடுத்துவிட்டால் அவள் ஏன் வீட்டை விட்டுப் போகிறாள் என்றே புரியவில்லை.

பதில் 1:
பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்றாலும் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். வசனத்தைக் கத்தரித்தால் பத்துப் பக்கம்தான் குறையும். ஆட்களைக் குறைக்க வேண்டும். புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நிற்கும் சம்பவங்களை அட்டைக்கு ஒன்றாக எழுதுங்கள். 60 அட்டைக்கு மேல் போகாதீர்கள். அறிவுரை சொல்லும் மாமாவும் ஆறுதல் சொல்லும் டீச்சரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள் என்றால் ஒருவர் போதும்.

மனவோட்டத்துக்குச் செயல் தேடுங்கள். 'இனி இங்கே இருக்க முடியாது' என்று அவள் நினைக்க வேண்டாம். அரிசி டப்பாவில் ஒளித்த பணத்தை எண்ணி, பஸ் காசை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அங்கேயே வைக்கட்டும்.

பதில் 2:
யாரோடு கதை நகர்கிறது என்பதையே மாற்றலாம். பூமணியின் 'வெக்கை' கொலை செய்த சிறுவனோடு போகும். அந்த நாவலைப் படமாக்கிய 'அசுரன்' (2019) அப்பாவை மையமாக்கி, அவருக்கு ஒரு ஃபிளாஷ்பேக்கும் கொடுத்தது. நாவலின் அடங்கிய தொனி அதில் போச்சு, வாஸ்தவம்தான். ஆனால் படம் நிமிர்ந்தது அங்கேதான்.

பதில் 3:
வெட்டுவதற்கு முன் உரிமை கையில் இருக்கிறதா? நாட்டுடைமையான நூல், அல்லது ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்தது என்றால் கவலையில்லை. இல்லையென்றால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். ரீமேக், ஓடிடி, பிறமொழி மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.