நாட்மச் எதையும் தேடிக் கொடுக்கவில்லை, அவசர உதவி வேண்டும்

தென்றல்22:
வணக்கம். பழைய மின்னஞ்சல் எல்லாம் என் கணினியிலேயே இருக்கிறது. டெர்மினலில் தேடலாம் என்று நாட்மச் என்ற மின்னஞ்சல் தேடல் நிரலை நிறுவி, செட்டப் முடித்து, கடிதங்களை அட்டவணைப்படுத்த நாட்மச் நியூ கொடுத்தேன். ஏதோ ஓடி முடிந்தது. ஆனால் எதைத் தேடினாலும் ஒன்றும் வரவில்லை. கோப்புக்குள் சொல் தேடும் கிரெப் போட்டும் பார்த்துவிட்டேன், அதிலும் இல்லை. 2017-இல் வந்த ஒப்பந்தக் கடிதம் ஒன்று நாளைக்குள் வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

குறிஞ்சி:
எந்த இயங்குதளம்? நாட்மச் எந்தப் பதிப்பு? மின்னஞ்சல் எதிலிருந்து வந்தது? அந்த அடைவுக்குள் என்ன இருக்கிறது என்று எல்எஸ் போட்டு ஒட்டுங்கள்.

நீலவானம்:
தரவுத்தளம் கெட்டுப்போயிருக்கும். எனக்கும் ஒருமுறை இப்படி ஆனது. புள்ளி நாட்மச் என்ற அடைவை அப்படியே அழித்துவிட்டு மறுபடி நாட்மச் நியூ கொடுங்கள். சரியாகிவிடும்.

முனையம்:
அழிக்கச் சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும், நீலவானம். குறிச்சொற்கள் எல்லாம் அந்தத் தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன, கடிதக் கோப்பில் இல்லை. நாட்மச் டம்ப் கொடுத்துக் குறிச்சொற்களை நகலெடுக்காமல் அழித்தால் அத்தனையும் போய்விடும்.
தென்றல், நீங்களும் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள். "ஏதோ ஓடி முடிந்தது" என்றால் யாருக்கு என்ன புரியும்? திரையில் வந்ததை வரி விடாமல் படியுங்கள். கையேட்டைப் புரட்டியிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

சாரல்:
பாதையில் இடைவெளி இருக்கிறதா? அடைவின் பெயரில் இடைவெளி இருந்தால்தான் பெரும்பாலும் இப்படி ஆகும்.

குறிஞ்சி:
இடைவெளி காரணமாக இருக்காது சாரல், நாட்மச் அதைச் சமாளிக்கும். தென்றல், அட்டவணையில் எத்தனை கடிதம் இருக்கிறது என்று பார்க்க, நாட்மச் கவுண்ட் என்று கொடுத்து வரும் எண்ணைச் சொல்லுங்கள். நாட்மச் கன்ஃபிக் கெட் டேட்டாபேஸ்.பாத் என்று கொடுத்து, அது சரியான அடைவைக் காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

தென்றல்22:
உபுண்டு. தண்டர்பேர்ட் மின்னஞ்சல் நிரலில் இருந்து எடுத்தது, அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. பாதை சரியாகத்தான் இருக்கிறது. கவுண்ட் 0. நியூ கொடுக்கும்போது "நோட்: இக்னோரிங் நான்-மெயில் ஃபைல்" என்று நிறைய வரிகள் ஓடின. உள்ளே இன்பாக்ஸ், இன்பாக்ஸ்.எம்எஸ்எஃப், ஆர்க்கைவ்ஸ்.எஸ்பிடி என்றெல்லாம் இருக்கிறது. இன்பாக்ஸ் மட்டும் 4 ஜிபி.

குறிஞ்சி:
அந்த ஒரு வரிதான் முழு விடை. தண்டர்பேர்ட் வழக்கமாக எம்பாக்ஸ் வடிவில் சேமிக்கும். ஒரு அடைவில் உள்ள எல்லாக் கடிதமும் ஒரே பெரிய கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். உங்கள் 4 ஜிபி இன்பாக்ஸ் அதுதான். எம்எஸ்எஃப் என்பது தண்டர்பேர்டின் சொந்த அட்டவணை, அதில் கடிதம் இல்லை. நாட்மச்சுக்கோ ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு வேண்டும், அதாவது மெயில்டிர் போன்ற அமைப்பு. பல கடிதங்கள் சேர்ந்த கோப்பைப் பார்த்தால் "இது கடிதம் இல்லை" என்று தாண்டிப் போய்விடும். எதுவும் கெட்டுப்போகவில்லை.

மாற்றுவதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். தண்டர்பேர்டில் அடைவுகளைச் சுருக்கும் வசதி இருக்கிறது, காம்பேக்ட் என்று இருக்கும். நீங்கள் அழித்த கடிதம் எம்பாக்ஸிலிருந்து உடனே போவதில்லை. எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ் என்ற தலைப்பு வரியில் ஒரு அடையாளம் மட்டும் விழும். சுருக்காமல் மாற்றினால் அழித்த குப்பையெல்லாம் உயிரோடு வந்து நிற்கும். பழைய கோப்பை நகலெடுத்து வைத்துவிட்டே தொடங்குங்கள்.

மாற்ற எம்பி2எம்டி என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது. இல்லையென்றால் பைத்தானுடனேயே வரும் மெயில்பாக்ஸ் தொகுதி போதும். எம்பாக்ஸைத் திறந்து, ஒவ்வொரு கடிதமாக எடுத்து மெயில்டிரில் சேர்ப்பது சில வரி வேலைதான். படித்த கடிதமும் படிக்காததாக வரும், ஏனென்றால் தண்டர்பேர்ட் எழுதும் அந்தத் தலைப்பு வரியைப் பைத்தான் கண்டுகொள்ளாது. அதை அப்புறம் மொத்தமாக, படிக்காதது என்று காட்டும் அன்ரெட் குறிச்சொல்லை நீக்கிச் சரிசெய்யலாம்.

சாரல்:
அப்படியென்றால் கிரெப் ஏன் எடுக்கவில்லை? கிரெப்புக்கு எம்பாக்ஸும் ஒன்றுதான், மெயில்டிரும் ஒன்றுதான்.

குறிஞ்சி:
நல்ல கேள்வி. கடிதம் தமிழில் இருந்தால் உடல் பகுதி பெரும்பாலும் பேஸ்64 என்ற குறியாக்கத்தில்தான் கோப்பில் இருக்கும். தலைப்பும் அப்படித்தான், சமக்குறியும் கேள்விக்குறியும் சேர்ந்து யுடிஎஃப்-8, பி என்று தொடங்கும் ஒரு சரம். கோப்புக்குள் தமிழ் எழுத்தே இல்லாதபோது கிரெப் எதைப் பிடிக்கும்? ஆங்கிலக் கடிதத்திலும் கோட்டட்-பிரிண்டபிள் என்ற குறியாக்கம் இருந்தால் நீண்ட வரி 76 எழுத்துக்குள் உடைபடும். சொல் நடுவில் உடைந்தால் கிரெப் தவறவிடும். நாட்மச்சும், அதைப் போன்ற இன்னொரு தேடல் நிரலான மியூவும் இதையெல்லாம் பிரித்துப் படித்த பிறகுதான் அட்டவணை போடுகின்றன. அதனால் கிரெப்பில் வரவில்லை என்பதை வைத்துக் கடிதமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

வேழம்:
இவ்வளவு சிரமம் எதற்கு? மைரிக்ஸ் என்ற தேடல் நிரலைப் போடுங்கள், எம்பாக்ஸை நேரடியாகவே படிக்கும். மாற்ற வேண்டியதே இல்லை.

முனையம்:
மைரிக்ஸ் படிக்கும், சரி. ஆனால் தேடல் முடிவை இன்னொரு அடைவில் போட்டுக் கொடுக்கும், அதைத் திறக்கத் தனியாக ஒரு நிரல் வேண்டும். இப்போது தொடங்குகிறவர் மியூ எடுப்பதே முறை. மியூ இனிட், மியூ இண்டெக்ஸ், மியூ ஃபைண்ட், அவ்வளவுதான். குறிச்சொல்லைத் தரவுத்தளத்தில் பூட்டி வைக்கும் வேலையெல்லாம் அதில் கிடையாது. கடிதத்தில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் படிக்கும். எப்போது வேண்டுமானாலும் அழித்து மறுபடி கட்டலாம்.

வேழம்:
குறிச்சொல் தரவுத்தளத்தில் இருப்பதில்தான் நாட்மச்சின் பலமே இருக்கிறது. கடிதத்தை எழுத்து மாறாமல் அப்படியே விட்டுவிடுகிறது. குறிச்சொல்லுக்காகக் கடிதத்தின் தலைப்பில் கை வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டம்ப் கோப்பு வெறும் உரைதானே, தினமும் எடுத்து வைக்கலாம்.

முனையம்:
தினமும் எடுப்பவர் எத்தனை பேர்? மேலே ஒருவர் அழிக்கவே சொன்னார்.

நீலவானம்:
என்னிடம் குறிச்சொல் எதுவும் இல்லாததால் அப்படிச் சொன்னேன். தென்றலுக்கும் கவுண்ட் 0 தானே, இழக்க என்ன இருக்கிறது?

முனையம்:
நீங்கள் சொன்னபோது அந்த எண் யாருக்கும் தெரியாது.

குறிஞ்சி:
நாட்மச், மியூ இரண்டுமே உள்ளுக்குள் சேபியன் என்ற தேடல் நூலகத்தைத்தான் பயன்படுத்துகின்றன, தேடும் திறனில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுக்குமே மெயில்டிர் தேவை. அவருக்கு நாளைக்குள் கடிதம் வேண்டும், அதை முடிப்போம்.

தென்றல், மாற்றியதும் மெயில்டிரை எக்ஸ்ஃபேட் பென்டிரைவுக்கு நகலெடுக்காதீர்கள். கோப்புப் பெயரில் முக்காற்புள்ளி வரும், அந்தக் கோப்பு முறைமை அதை ஏற்காது.

தமிழ்ச் சொல்லைத் தேடும்போது முழுச் சொல்லையும் கொடுக்காமல் கடைசியில் நட்சத்திரக் குறி போடுங்கள். நாட்மச் வழக்கமாக ஆங்கிலத்துக்குத்தான் வேர்ச்சொல் பார்க்கும், வேற்றுமை உருபைக் கழிக்காது. "ரசீது" என்று தேடினால் "ரசீதை" வராது. "ரசீத*" என்றால் இரண்டும் வரும். ஆண்டு தெரியும் என்பதால் டேட்:2017..2017 என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், பட்டியல் சுருங்கிவிடும்.

தென்றல்22:
மாற்றிவிட்டேன். கவுண்ட் இப்போது ஆயிரக்கணக்கில் வருகிறது. ஆனால் ஒப்பந்தத்தில் உள்ள ஒரு வாசகத்தைத் தேடினால் வரவில்லை. அது பிடிஎஃப் இணைப்பில் இருந்தது.

வேழம்:
நாட்மச் பிடிஎஃப்பின் உள்ளே பார்க்காது, மியூவும் பார்க்காது. நாட்மச்சில் இணைப்பின் கோப்புப் பெயரை மட்டும் அட்டாச்மெண்ட்: என்று போட்டுத் தேடலாம்.

சாரல்:
உள்ளேயும் தேட வேண்டுமென்றால் ரீகால். அது மெயில்டிர், எம்பாக்ஸ் இரண்டையும் படிக்கும், பிடிஎஃப் இணைப்பையும் திறந்து பார்க்கும். சாளரத்தில் ஓடும் நிரல்தான், ஆனால் ரீகால் கழித்தல் டி (-t) என்று கொடுத்தால் டெர்மினலிலேயே விடை தரும். வருடிய படமாக இருக்கும் பிடிஎஃப் என்றால் அதில் எழுத்தே இருக்காது, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் செய்தால்தான் உண்டு.

குறிஞ்சி:
அதற்கு முன் அனுப்பியவரை வைத்துத் தேடிப் பாருங்கள். ஃப்ரம்: போட்டு அவர் முகவரி, டேட்: போட்டு ஆண்டு, கூடவே டேக்:அட்டாச்மெண்ட். இணைப்பு உள்ள கடிதத்துக்கு அந்தக் குறிச்சொல்லை நாட்மச் தானாகவே போடும். கழித்தல் கழித்தல் அவுட்புட்=ஃபைல்ஸ் சேர்த்தால் கோப்பின் பாதையே வந்துவிடும்.

தென்றல்22:
கிடைத்துவிட்டது. நன்றி குறிஞ்சி.

நீலவானம்:
எதில் கிடைத்தது, ஃப்ரமிலா ரீகாலிலா? இதே தண்டர்பேர்ட் குவியல் என்னிடமும் இருக்கிறது.

வேழம்:
அவர் போய்விட்டார் போல. உங்களிடம் எம்பாக்ஸ் மட்டும்தான் இருக்கிறது, ஒருமுறை தேடினால் போதும் என்றால் ரீகாலை அதன் மேலேயே விடுங்கள், மாற்ற வேண்டாம். தினமும் தேடுவீர்கள் என்றால் மெயில்டிருக்கு மாற்றுங்கள். மாற்றும் முன் காம்பேக்ட்.