புதுப்பிப்பு: பழைய டீசல் ஜீப்பில் கூலன்ட் அலாரம்

ரேடியேட்டரில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்தால் அலறும் அலாரத்துக்கு, ரிசர்வ் பாட்டிலில் மிதவை சுவிட்ச் போடலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அது தவறு. ஹோஸ் கசிந்தால் ரேடியேட்டர் காற்றை இழுத்துக்கொள்ளும். பாட்டில் நிறைந்தே நிற்கும், அலாரம் வாயே திறக்காது.

சென்சார் ரேடியேட்டரின் மேல் தொட்டியில்தான் இருக்க வேண்டும். பித்தளைத் தொட்டியானால் புஷ்ஷை (முனையைத் தாங்கும் உலோக வளையம்) பற்றவைத்து, இன்சுலேஷன் உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முனையைச் செருகுங்கள். தண்ணீர் முனையைத் தொடும்வரை அதன் வழியே தொட்டிக்கு மின்சாரம் கடக்கும்; தண்ணீர் இறங்கினால் அது நின்று அலாரம் அலறும். உயரம் டியூப்களுக்கு மேலே, நிரப்பும் மட்டத்துக்குச் சற்றுக் கீழே. இக்னிஷன் சப்ளை, 1 ஆம்பியர் ஃப்யூஸ், தொட்டிக்குத் தனி எர்த்.

ஊட்டி அருகே கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் தண்ணீர் ஒருபக்கம் சாய்வதால் வீண் அலறல் வரும். 8 வினாடி டிலே வைத்தால் அடங்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றினாலும் தொல்லைதான். அதில் மின்சாரம் சரியாகக் கடக்காது. கூலன்ட் கலந்தே ஊற்றுங்கள். ஊட்டிப் பனிக்கும் அதுவே நல்லது.

டெம்பரேச்சர் முள் போதாதா என்று கேட்டவர்களுக்கு: தண்ணீர் இறங்கிவிட்டால் அதன் சென்சார் நீராவியில் நிற்கும், முள் குறைத்தே காட்டும். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் கேப் ரப்பர் தேய்ந்திருந்தால், கொதிநிலையை உயர்த்தும் அழுத்தமும் நிற்காது. அலாரத்துக்கு முன் கேப்பை மாற்றுங்கள்.

சோதிக்க, எஞ்சின் ஆறியபின் அரை லிட்டர் வடித்துப் பாருங்கள். அலறவில்லையா, முனை மிகக் கீழே இருக்கிறது.