மறு: ‘எண்ணெய்க் கசிவு’ என்ற சொல் சரிதானா?

அன்புடையீர், வணக்கம்.

தமிழ்க் கலைச்சொற்களைப் பற்றிய நம் குழுவில் ஒரு வாரமாக ஓடும் இந்த மடல் இழையை வேலைக்கு நடுவே படித்துக்கொண்டுதான் இருந்தேன். கடலிலோ ஆற்றிலோ எண்ணெய் வெளியேறிப் பரவும் ‘ஆயில் ஸ்பில்’ என்பதற்கு நாளிதழ்கள் ‘எண்ணெய்க் கசிவு’ என்று எழுதிப் பழகிவிட்டன, எல்லோருக்கும் புரிகிறது, பிறகு எதற்குப் புதுச்சொல் என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் வடசென்னைக் கடலோரத்து எண்ணூர்க்காரன். அந்தச் சொல் தவறாகப் புரிகிறது என்பதுதான் என் குறை.

கசிவு என்று நாம் எதைச் சொல்கிறோம்? மண்பானை கசியும். அடைமழையில் மாடிச்சுவர் கசியும். ஆறாத புண்ணில் நீர் கசியும். கேட்கிறவர் நல்லவராக இருந்தால் மனமும் கசியும். எல்லாமே மெல்ல, துளித்துளியாக, பார்த்துக்கொண்டே இருந்தால்கூடத் தெரியாத வேகத்தில் நடப்பவை. ஒரு கந்தலை வைத்து அடைத்தால் நின்றுவிடும் என்கிற நினைப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, எண்ணெய் ஆலை இருக்கும் மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றோடு சேர்ந்து எண்ணூர் முகத்துவாரம் வரை போனது. வழியில் இருந்த வீடுகளையும் விடவில்லை. எர்ணாவூரில் இருக்கும் என் தங்கை வீட்டில் தண்ணீர் வடிந்ததும் நான்கு சுவரிலும் ஒரே மட்டத்தில் கறுப்புக் கோடு. சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியில் கீழ்ப்பாதி தார் பூசியதுபோல ஒட்டிக்கிடந்தது. அவள் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துச் சுவரைத் துடைத்தாள். கோடு இன்னும் அகலமானதுதான் மிச்சம். அன்று சாயங்காலம் போனில் சொன்னாள்: “அண்ணா, டிவியில கசிவுன்றாங்க. எங்க வூட்டுக்குள்ள எவனோ டிரம் டிரம்மா ஊத்திட்டுப் போன மாதிரி கீது.” நான் இந்த மடலை எழுதுவதற்குக் காரணம் அந்த ஒரு வாக்கியம்தான்.

அதற்கு முன்னால் 2017 ஜனவரி 28 விடியற்காலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று எரிவாயுக் கப்பல், மற்றது எண்ணெய்க் கப்பல். தொடக்கத்தில் எண்ணெய் எதுவும் வெளியேறவில்லை என்றே சொல்லப்பட்டது. பிறகு கரையோரப் பாறை இடுக்குகளில் களிபோல எண்ணெய் தேங்கி நின்றதையும், மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் வரிசையாக நின்று வாளியால் அள்ளிக் கைமாற்றியதையும் உலகமே பார்த்தது. அதற்கும் ‘கசிவு’ என்றுதான் தலைப்பு. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு தோண்டும் துளைமேடை வெடித்து 11 பேர் இறந்து, கடலடிக் கிணறு 87 நாள் பீறிட்டதற்கும் தமிழில் ‘கசிவு’தான். கப்பல் விபத்துகளைக் கணக்கெடுப்பவர்கள் வெளியேறிய எண்ணெய் 7 டன்னுக்குக் குறைந்தால் சிறியது, 700 டன்னைத் தாண்டினால் பெரியது என்று பிரிக்கிறார்கள். நாம் எல்லாவற்றையும் பானைக் கசிவுக்குள் போட்டுவிட்டோம்.

கடன்சொல்லுக்குத் தமிழ்ச்சொல் வந்ததற்கு ‘சுனாமி’யை இந்த இழையில் உதாரணம் காட்டியவருக்கு ஒரு வார்த்தை. 2004க்குப் பிறகு ‘ஆழிப்பேரலை’ என்ற நல்ல சொல் பரவியது உண்மை. ஆனாலும் காசிமேட்டிலும் எர்ணாவூரிலும் சுனாமி சுனாமிதான். ‘சுனாமி குவார்ட்டர்ஸ்’ என்று முகவரியாகவே ஆகிவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. கடன்சொல் உண்மையைச் சொன்னால் இருந்துவிட்டுப் போகட்டும். இங்கே இருப்பது வேறு பிரச்சினை. தமிழ்ச்சொல் ஏற்கெனவே இருக்கிறது, அது நடந்ததைச் சிறிதாக்கிக் காட்டுகிறது. எனக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் ‘பேரிடர்’. முன்பு ‘பேரழிவு’ என்று எழுதிவந்த இடங்களில் இப்போது ‘பேரிடர்’ நிலைத்துவிட்டது. அழிவு என்றால் எல்லாம் முடிந்தது. இடர் என்றால் கடக்க வழி தேடலாம். ஒரு சொல்லை மாற்றியதில் செய்ய வேண்டிய வேலையே கண்முன் வந்தது.

இனி நீங்கள் முன்வைத்த சொற்கள்.

> எண்ணெய்ச் சிந்தல். நேரடியானது, எளிது.

எளிதுதான். ஆனால் நம் வீடுகளில் சிந்துவது குழந்தை கைப்பால். ‘சிந்தாமல் சிதறாமல்’ என்று சொல்லும் அளவுக்கு அது கையளவுச் சொல். கசிவில் இருக்கும் அதே குறை இதிலும் இருக்கிறது.

> எண்ணெய்க் கொட்டல் என்றால் என்ன?

எனக்கு முதலில் இதுதான் பிடித்தது. என் தங்கை சொன்ன ‘ஊத்திட்டுப் போன மாதிரி’க்கு மிக அருகில் இருக்கிறது. ஆனால் கொட்டுவது என்றால் கொட்டுகிறவர் வேண்டும். கப்பல் மோதி உடைந்ததையும், வேண்டுமென்றே இரவில் கழிவெண்ணெயைக் கால்வாயில் திறந்துவிடுவதையும் ஒரே சொல்லால் குறித்தால் நாளைக்கு மனு எழுதுகிறவருக்கு ஆயுதம் போய்விடும். ‘கொட்டல்’ அந்த இரண்டாவதற்கென்றே பத்திரமாக இருக்கட்டும்.

> கடற்கோள் போல ‘எண்ணெய்க்கோள்’.

இதை எழுதியவர் கோவைக்காரர் என்று நினைக்கிறேன். கடல் நிலத்தைக் கொண்டது கடற்கோள். எண்ணெய் ஆற்றைக் கொண்டது எண்ணெய்க்கோள். படித்ததும் ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், ஏனென்றால் அந்த டிசம்பரில் ஆறு எங்கள் கையைவிட்டுப் போனதுபோலத்தான் இருந்தது. ஆனாலும் இது பெரியதற்கு மட்டுமே பொருந்தும். படகு எஞ்சினிலிருந்து பத்து லிட்டர் டீசல் தண்ணீரில் விழுந்தாலும் குறிக்கக்கூடிய சொல் வேண்டுமே.

என் பரிந்துரை: எண்ணெய்ப் படர்வு. எவ்வளவு வெளியேறியது என்பதைவிட, வெளியேறியது நிற்காமல் நீரின் மேல் விரிந்துகொண்டே போகிறது என்பதுதான் இந்த இடரின் இயல்பு. பூசணிக்கொடி படர்வதைப் பார்த்தவருக்கு விளக்கம் வேண்டாம். குழாயில் ஓட்டை விழுந்து துளித்துளியாய் வந்தால் அது கசிவு, அந்தச் சொல்லை அதன் இடத்திலேயே விட்டுவிடலாம். ஆலையிலிருந்தோ கப்பலிலிருந்தோ வெளியே வந்த நிகழ்வைச் சட்டமொழியில் சொல்ல ‘எண்ணெய் வெளியேற்றம்’. நீரில் பரவி நிற்பது படர்வு. கரையிலும் அலையாத்தி வேரிலும் என் தங்கை வீட்டுச் சுவரிலும் ஒட்டியது படிவு. வெளியேற்றத்தை நிறுத்த வேண்டியவர், படர்வை மறிக்க வேண்டியவர், படிவைக் கழுவ வேண்டியவர் மூவரும் வேறு வேறு ஆட்கள். எல்லாமே ‘கசிவு’ என்று இருந்தால் ‘கசிவு நிறுத்தப்பட்டது’ என்று ஒரு வரி வரும், ஊரே கறுப்பாக நிற்கும்போது வேலை முடிந்துவிட்டதாக ஆகிவிடும்.

கிளைச்சொற்களில்தான் எனக்கு அதிக ஆசை. ஏனென்றால் அவை முகத்துவாரத்தில் வேலை செய்தவர்கள் வாயிலேயே கிடக்கின்றன.

அந்த டிசம்பரில் வெளிமாநிலத்திலிருந்து கருவிகள் வந்து சேர்வதற்குள் நாட்கள் பல ஓடிவிட்டன. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் ஆட்கள்தான் தங்கள் ஃபைபர் படகுகளில் நீலப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு மக்கால் மொண்டார்கள். முதல் சில நாள் பலர் கையில் உறை இல்லை. சாயங்காலம் கரையேறித் தேங்காயெண்ணெய் தடவிக் கையைத் தேய்ப்பார்கள், நகக்கண்ணில் இருப்பது மட்டும் போகாது. எதிர்க்கரையில் மார்பு கறுத்த கூழைக்கடாக்கள் பறக்காமல் உட்கார்ந்திருக்கும். அப்போது ஒரு பெரியவர் படகில் இருந்த பையனைப் பார்த்துச் சத்தம் போட்டார்: “அள்ளாதடா, வயிச்சி எடு! தண்ணியவே மொண்டுகினு வர்றியே!” அள்ளினால் முக்கால் பங்கு தண்ணீர்தான் வரும், வழித்தால்தான் மேலே மிதப்பது மட்டும் வரும். ‘ஸ்கிம்மர்’ என்ற கருவி செய்வது முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. ‘வழிப்பான்’ என்று வைக்கலாமா என்று பார்த்தேன், பாதை என்ற ‘வழி’ குறுக்கே வருகிறது. பாலின் மேல் நிற்பது ஏடு. பாலேடு எல்லா வீட்டிலும் தெரியும். அதனால் நீர்மேல் திரளாக மிதக்கும் ‘ஸ்லிக்’ எண்ணெயேடு, அதை எடுக்கும் கருவி ஏடெடுப்பான். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருள் சொல்லிக்கொள்கின்றன.

‘ஷீன்’ என்பதை எண்ணெயேட்டோடு கலக்க வேண்டாம். அது வானவில் நிறம் காட்டும் மெல்லிய படலம். விமானத்திலிருந்து பார்த்து நிறத்தை வைத்தே தடிமனைக் கணிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது; வானவில் நிறம் தெரிந்தால் தடிமன் 0.3 முதல் 5 மைக்ரான் வரை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கைக்கூடத் தாண்டாது. அதற்கு ‘எண்ணெய்ப் படலம்’ போதும். ‘தண்ணீரில் படலம்தான் இருக்கிறது’ என்பதும் ‘ஏடு நிற்கிறது’ என்பதும் வேறு வேறு செய்திகள். வலை போடலாமா வேண்டாமா என்பது அதில் இருக்கிறது.

‘எமல்ஷன்’, அதாவது ஒன்றில் ஒன்று கரையாத இரண்டு திரவங்களின் கலவை பற்றி: பாடநூலில் ‘பால்மம்’ இருக்கிறது, நல்ல சொல். ஆனால் அலை அடித்து அடித்து எண்ணெய்க்குள் கடல்நீர் புகுந்துவிட்டால் வருவது பால்போல இருக்காது. கெட்டியாகி, அளவு மூன்று நான்கு மடங்கு ஊதி, உறிஞ்சுகுழாயையே அடைத்துவிடும். 2017இல் இத்தனை இயந்திரம் இருந்தும் வாளியைத் தூக்க வேண்டிவந்தது அதனால்தான். கரையில் நின்ற எல்லோரும் அன்று ‘களி’ என்றுதான் சொன்னார்கள். பொதுவான வேதியியல் சொல்லாகப் பால்மம் இருக்கட்டும், இந்த நிலைக்கு எண்ணெய்க்களி என்று பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். களி கிண்டியவர்கள் கையில் துடுப்பைப் பிடித்தாலே அதன் எடை தெரியும்.

கடைசியாக ‘பூம்’. எண்ணெய் நகராமல் நீரின் குறுக்கே போடும் நீளமான தடுப்பு: மேலே மிதவை, நடுவே நீருக்குள் தொங்கும் தடித்த துணி, அடியில் எடை. நீரோட்டம் வேகமாக இருந்தால் எண்ணெய் அடியில் நழுவிவிடும், அதனால் ஓட்டத்துக்குச் சாய்வாகக் கட்ட வேண்டும். நான் ‘மிதவேலி’ என்று எழுதிவைத்திருந்தேன். சொல் எனக்கே பிடித்தும் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப்பத்தில் அந்தப் பெரியவரிடமே படத்தைக் காட்டி, இதற்கு என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “இது வலைதான் தம்பி. மேல மிதப்பு, கீய குண்டு. கண்ணுதான் இல்ல.”

அதைக் கேட்டபிறகு மிதவேலி எனக்கு வெளியாள் வைத்த பேர்போலத் தோன்றுகிறது. வேலி நட்டால் நிற்கும்; இது வலையைப்போல அலையோடு ஆடும், வலையைப்போலத்தான் படகிலிருந்து விடவும் இழுக்கவும் வேண்டும். ‘கண்ணில்லா வலை’ என்று அப்படியே வைத்தால் நீளம். ‘மறிவலை’, ‘தடைவலை’ இரண்டையும் யோசித்தேன். ஆற்று முகத்தில் மீனை மறிக்கக் கட்டும் வலைக்கு வேறு கரைகளில் ‘மறிவலை’ என்ற பேர் வழக்கில் இருந்தால் குழப்பம் வரும். நாகை, தூத்துக்குடி, பழவேற்காடு பக்கத்து நண்பர்கள் யாராவது அங்கே கேட்டுப் பார்த்து எழுத முடியுமா? அதுவரை அந்த ஒரு வரியைக் காலியாகவே விட்டு, மற்ற சொற்களைப் பட்டியலில் சேர்க்கலாம்.

அன்புடன்,
எண்ணூரிலிருந்து