மெய்க்காவலர் ஒத்திகைக்கு ஆள் தெரியுமா?

கிருஷ்ணகிரி, தருமபுரி சொந்தங்களுக்கு வணக்கம். எங்க செக்யூரிட்டி ஏஜென்சி பசங்க சிலரை மெய்க்காவலர் வேலைக்குத் தயார் பண்றோம். 2005 தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் சட்டப்படி காவலாளிப் பயிற்சி முடிச்சவங்கதான். ஆனா அது கேட்டுல நிக்கத்தான் சரி.

மாலை போட வர்ற கூட்டத்துல முகத்தைவிடக் கையைத்தான் பார்க்கணும். ஆபத்துன்னா சண்டைக்கு நிக்காம, காக்க வேண்டியவரைக் கூட்டிட்டுக் கிளம்பணும். இதெல்லாம் நடிச்சுப் பார்த்தாத்தான் உடம்புல ஏறும். (ஜிம் உடம்பு போதும்னு சொல்றவங்க 1991 ஸ்ரீபெரும்புதூரை நினைச்சுப் பாருங்க.) தொப்பூர் கணவாயில வண்டி நின்னுபோனா என்ன செய்வாங்கன்னும் பார்க்கணும், நிஜ ரோட்டுல இல்ல, காலி மைதானத்துல.

வி.ஐ.பி. பாதுகாப்புல இருந்து ஓய்வு பெற்ற போலீஸ், ராணுவ அண்ணன்கள் ஓசூர் பக்கம் யாராவது இருக்காங்களா? வார நாள்ல ஒரு கல்யாண மண்டபமும் வாடகைக்கு வேணும். கூட்டமா நடிக்க வர்றவங்களுக்குச் சாப்பாடு எங்க பொறுப்பு.